அரசியல் அறிவியல் ஆப்ஷனல்: செய்தித்தாளை மூடிவிட்டுத் தொடங்க வேண்டிய பாடம்

என் முதல் மாதிரித் தேர்வைத் திருத்தியவர் சிவப்பு மையில் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: "தலையங்கம் நன்றாக இருக்கிறது. விடை எங்கே?" இந்தியக் கூட்டாட்சி பற்றிய 15 மதிப்பெண் கேள்வி அது. ஜிஎஸ்டி, ஆளுநர், நிதிப் பகிர்வு என்று தெரிந்ததையெல்லாம் இரண்டரைப் பக்கம் கொட்டியிருந்தேன். கிடைத்தது 4. பக்கத்து இருக்கையில் எழுதியவன் ஒரு இன்ஜினியரிங் பையன், பேப்பரே ஒழுங்காகப் படிக்காதவன். அவனுக்கு 7. ஒன்றரைப் பக்கம்தான் எழுதியிருந்தான். கூட்டாட்சியை ஆராய்ந்த கே.சி. வியர் இந்தியாவை ஏன் 'அரைக் கூட்டாட்சி' என்றார், இந்திய அரசமைப்பின் வரலாற்றை எழுதிய கிரான்வில் ஆஸ்டின் அதையே ஏன் 'கூட்டுறவுக் கூட்டாட்சி' என்று பார்த்தார், இன்றைய நிலைமைக்கு யார் சொன்னது பொருந்துகிறது. அவ்வளவுதான் அவன் விடை.

அரசியல் தெரிவது வேறு, அரசியல் அறிவியல் தெரிவது வேறு. ஐஏஎஸ், ஐபிஎஸ் போன்ற பணிகளுக்கான யூபிஎஸ்சி தேர்வின் இரண்டாம் கட்டமான மெயின்ஸில் 'அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும்' என்ற பெயரில் இருக்கும் இந்த ஆப்ஷனலை, அதாவது விருப்பப் பாடத்தை, சுருக்கமாக பிஎஸ்ஐஆரை, எடுப்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். தினமும் பேசுகிற விஷயம்தானே என்ற நினைப்பில் வருகிறார்கள். அந்த நினைப்பை உதறவே எனக்கு ஒரு அட்டெம்ப்ட் போனது. உங்களுக்குப் போகாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில்: எடுக்கலாமா, வேண்டாமா?

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மெயின்ஸ் எழுத்துத் தேர்வில் தரவரிசைக்குச் சேரும் மதிப்பெண் 1750. அதில் ஆப்ஷனல் இரண்டு தாளும் சேர்ந்து 500. நேர்முகத்தின் 275 தனி. பிஎஸ்ஐஆர் எடுத்தால் பொது அறிவு இரண்டாம் தாளின் அரசமைப்பு, வெளியுறவுப் பகுதிகள் பாதி தானாகவே முடிந்துவிடும். கட்டுரைத் தாளுக்கும் நெறிமுறைத் தாளுக்கும் சிந்தனையாளர்கள் கைகொடுப்பார்கள். இந்த ஆதாயம் உண்மை. ஆனால் இதற்காக மட்டும் எடுக்காதீர்கள். பொது அறிவுத் தாளுக்குப் படித்ததை ஆப்ஷனலில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன 4 மதிப்பெண்ணே சாட்சி.

முதலிடம் வாங்கியவர்களைக் காட்டி முடிவெடுக்க வேண்டாம். 2015 தேர்வில் டீனா டாபி, 2022இல் இஷிதா கிஷோர், 2024இல் சக்தி துபே என்று இந்தப் பாடத்தோடு முதலிடம் பிடித்தவர்கள் உண்டு. இதே பாடத்தை எடுத்து மெயின்ஸோடு நின்றவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. அவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை.

நான் சொல்லும் சோதனை இரண்டு நாளில் முடிந்துவிடும். முதல் நாள், 11ஆம் வகுப்பு என்சிஇஆர்டி அரசியல் கோட்பாடு நூலில் சமூக நீதி பற்றிய பாடத்தைப் படியுங்கள். இரண்டாம் நாள், யூபிஎஸ்சி தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கடந்த ஐந்து ஆண்டு வினாத்தாள்களை எடுத்து, முதல் தாளின் முதல் பகுதியை மட்டும் வாசியுங்கள். விடை தெரியாது, அது பரவாயில்லை. 'இதற்கு என்னதான் விடையாக இருக்கும்' என்று மனசு குறுகுறுத்தால் எடுங்கள். கொட்டாவி வந்தால் வேறு பாடம் பாருங்கள். இரண்டாம் தாளின் வெளியுறவுப் பகுதி எல்லோருக்கும் பிடிக்கும். அதை வைத்து முடிவெடுப்பது கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்துச் சம்பந்தம் பேசுவது மாதிரி.

பாடத்திட்டமும் வினாத்தாளும்

இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதி. முதல் தாளில் அரசியல் கோட்பாடும் சிந்தனையாளர்களும் ஒரு பகுதி, இந்திய அரசும் அரசியலும் இன்னொரு பகுதி. இரண்டாம் தாளில் ஒப்பீட்டு அரசியலும் பன்னாட்டு அரசியலும் ஒரு பகுதி, இந்தியாவும் உலகமும் இன்னொரு பகுதி.

ஒரு தாளில் எட்டு கேள்விகள். 1ஆம், 5ஆம் கேள்விகள் கட்டாயம். இவற்றில் தலா ஐந்து சிறு கேள்விகள், ஒவ்வொன்றும் 10 மதிப்பெண், 150 சொல். மீதி ஆறில் மூன்றைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒன்றாவது இருக்க வேண்டும். அந்த மூன்றும் 20, 15, 15 என்று பிரிந்திருக்கும். ஆக மூன்று மணி நேரத்தில் 19 விடைகள்.

இந்த அமைப்பிலிருந்தே ஒரு விஷயம் தெரிந்துவிடும்: எந்த அலகையும் முழுதாக விட முடியாது. கட்டாயக் கேள்விகளின் பத்து சிறு கேள்விகளும் பாடத்திட்டத்தின் எந்த மூலையிலிருந்தும் வரலாம். சிந்தனையாளர் பட்டியலில் வரும் சர் சையது அகமது கானையும் ஹன்னா அரெண்டையும் 'வந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடுகிறவர்கள் அதிகம். ஆழமாகப் படிக்க வேண்டியதும் உண்டு, 150 சொல்லுக்கு மட்டும் தயார் செய்ய வேண்டியதும் உண்டு. தொடாமல் விடக்கூடியது என்று எதுவும் கிடையாது.

பாடத்திட்டத்தை அச்சிட்டு மேசைக்கு எதிரே ஒட்டுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அந்த வரியிலிருந்து வந்த பழைய கேள்விகளின் ஆண்டை பென்சிலால் குறியுங்கள். இரண்டு மாலை வேலை. எந்த வரி ஓயாமல் கேட்கப்படுகிறது, எது எப்போதாவது தலைகாட்டுகிறது என்பதை எந்த கோச்சிங் வகுப்பையும்விட இந்தத் தாள் தெளிவாகக் காட்டும்.

எந்த வரிசையில் படிப்பது

முதல்நிலைத் தேர்வான பிரிலிம்ஸ் முடிந்ததும் ஆப்ஷனலைத் தொடலாம் என்ற திட்டம் நடக்காது. 2025இல் பிரிலிம்ஸ் மே 25 அன்று நடந்தது, மெயின்ஸ் ஆகஸ்ட் 22 அன்று தொடங்கியது. நடுவில் 89 நாள். அதற்குள் நான்கு பொது அறிவுத் தாள், கட்டுரை, போதாக்குறைக்கு மொழித் தாள்கள். ஆப்ஷனலின் முதல் சுற்று பிரிலிம்ஸுக்கு மூன்று மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

நாளுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தால் எனக்கு 24 வாரம் பிடித்தது. கோட்பாட்டுக்கு ஐந்து வாரம், சிந்தனையாளர்களுக்கு நான்கு, இந்திய அரசியலுக்கு ஐந்து, ஒப்பீட்டு மற்றும் பன்னாட்டு அரசியலுக்கு ஆறு, இந்திய வெளியுறவுக்கு நான்கு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். அதிகாரம், ஆதிக்கம், அரசு, நீதி போன்ற சொற்கள் கோட்பாட்டில் பிடிபட்டால்தான் பின்னால் வருவது பிடிபடும். இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்சி புரிந்தவருக்கு இந்திய அரசைப் பற்றிய மார்க்சிய விளக்கம் ஒரு மணி நேர வேலை, புரியாதவருக்கு ஒரு வாரம்.

புத்தகங்களில் அலைய வேண்டாம். அடித்தளத்துக்கு 11, 12ஆம் வகுப்பு என்சிஇஆர்டி நூல்கள் நான்கு. அதற்கு மேல் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. அரசியல் அறிவியல் பாடங்கள். இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, எம்பிஎஸ் 001 முதல் 004 வரை நமக்குத் தேவையானவை. கோட்பாட்டுக்கு ஓ.பி. காபாவின் நூல் ஒன்று, பன்னாட்டு அரசியலுக்கு ஆண்ட்ரூ ஹேவுட் அல்லது பேலிஸ்-ஸ்மித் நூல், இரண்டில் ஒன்று போதும். நான் இரண்டும் வாங்கினேன், ஒன்று புதிதாகவே இருக்கிறது. கையெழுத்து நோட்ஸ் என்று விற்கிறார்களே, அதையும் காசு கொடுத்து வாங்கினேன். சொந்தக் கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதியது ஞாபகம் நின்ற அளவுக்கு அந்த நானூறு பக்கமும் நிற்கவில்லை.

கோட்பாடு: ஒரு பக்கத்தில் ஒரு சண்டை

இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான். ஒவ்வொரு தலைப்பையும் பட்டிமன்றமாகப் பாருங்கள். ஒருவர் ஒன்று சொன்னார் என்பதோடு நிறுத்தாமல், யாரை மறுத்துச் சொன்னார், அவரை யார் மறுத்தார் என்பதுவரை போங்கள்.

அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸை வைத்து ஒரு பக்கம் போட்டுக் காட்டுகிறேன். முதலில் அவருடைய எதிராளி: பயன்பாட்டுவாதம். ஊரின் மொத்த மகிழ்ச்சி கூடுமென்றால் ஒருவனைப் பலி கொடுக்கலாம் என்று அதற்குள் ஒரு கதவு திறந்திருக்கிறது. அதை மூடத்தான் ரால்ஸ் 1971இல் தன் நீதிக் கோட்பாட்டை எழுதினார். அடுத்து வாதம். எங்கள் ஊர்ப் பக்கம் பாகப்பிரிவினையில் ஒரு வழக்கம் உண்டு: மூத்தவன் பங்கு பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். எந்தப் பங்கு தனக்கு வரும் என்று தெரியாததால் மூத்தவன் ஒழுங்காகப் பிரிப்பான். ரால்ஸின் 'அறியாமைத் திரை' இதையே சமூகம் முழுவதற்கும் விரிக்கிறது. நாம் என்ன சாதி, என்ன பாலினம், பணக்காரரா ஏழையா, கெட்டிக்காரரா மந்தமா என்பது எதுவும் தெரியாமல் சமூக விதிகளை வகுக்க உட்கார்ந்தால், மிகக் கீழே இருப்பவரின் நிலையைப் பார்த்தே விதி செய்வோம். இதிலிருந்து இரண்டு கோட்பாடுகள். முதலாவது எல்லோருக்கும் சமமான அடிப்படைச் சுதந்திரம். இரண்டாவது நியாயமான வாய்ப்புச் சமத்துவம், கூடவே வேற்றுமைக் கோட்பாடு, அதாவது ஏற்றத்தாழ்வு இருக்கலாம், ஆனால் அது கடைநிலையில் இருப்பவருக்கு நன்மை தருவதாக இருக்க வேண்டும். முதலாவதை விட்டுக்கொடுத்து இரண்டாவதை வாங்க முடியாது. இந்த முன்னுரிமையை எழுத மறப்பவர்கள் ஏராளம்.

பக்கத்தின் கீழ்ப்பாதி மறுப்புக்கு. நோசிக் 1974இல், உழைத்துச் சேர்த்ததைப் பிடுங்கிப் பகிர யார் உரிமை தந்தது என்று கேட்டார். சாண்டல் 1982இல், குடும்பமும் ஊரும் மரபும் இல்லாத அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் 'சுமையற்ற மனிதன்' எங்கே இருக்கிறான் என்று கேட்டார். வால்சர் 1983இல், கல்விக்கு ஒரு நீதி, பணத்துக்கு ஒரு நீதி, பதவிக்கு ஒரு நீதி என்று தளம் பிரித்தார். சூசன் ஓகின் 1989இல், குடும்பத்துக்குள் நடக்கும் அநீதியை இந்தத் திரை மறைத்துவிடுகிறது என்றார். அமர்த்தியா சென் 2009இல், முழுமையான நீதி எது என்று தேடுவதைவிட கண்ணெதிரே இருக்கும் அநீதியைக் குறைப்பது முக்கியம் என்றார்.

சென் பயன்படுத்தும் 'நீதி', 'நியாயம்' என்ற பிரிவு மற்றவர்களுக்குப் புதுச் சொல். நமக்கு அன்றாடப் பேச்சு. "கோர்ட்டில் தீர்ப்பு வந்துடுச்சு, நியாயம் கிடைக்கலையே" என்று தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பாட்டி சொன்னதைக் கேட்ட அன்றுதான் எனக்கு இந்தப் பகுதி முழுதாக உள்ளே போனது. விதியும் அமைப்பும் சரியாக இருப்பது நீதி, வாழ்க்கையில் உண்மையாகக் கைக்கு வந்து சேர்வது நியாயம். பள்ளியில் சத்துணவு போடுவதை சென்னின் திறன் அணுகுமுறைக்கு எடுத்துக்காட்டாக எழுதலாம். சோறு வெறும் பொருளாக நிற்காமல் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தும் திறனாக மாறுகிறது.

இப்படி எதிராளி, வாதம், மறுப்பு, நம் நாட்டு எடுத்துக்காட்டு என்று நான்கு பகுதி. எல்லாத் தலைப்புக்கும் இதே அச்சு. பக்கம் தாண்டக் கூடாது.

சிந்தனையாளர் பட்டியலில் தர்மசாஸ்திரம், அர்த்தசாஸ்திரம், பௌத்தம் என்று மூன்று மரபுகள், சர் சையது முதல் எம்.என். ராய் வரை ஐந்து இந்தியர்கள், பிளேட்டோ முதல் அரெண்ட் வரை ஒன்பது மேற்கத்தியர்கள். ஆக 17. அதில் காந்தி, அம்பேத்கர், மார்க்ஸ், கிராம்சி நால்வருக்கும் கூடுதல் நேரம் கொடுங்கள். அவர்கள் சிந்தனையாளர் கேள்வியில் மட்டும் வருபவர்கள் இல்லை, தேசியம், சாதி, அரசு என்று எல்லா இடத்திலும் தலைகாட்டுவார்கள். காந்தியின் 1909ஆம் ஆண்டு 'ஹிந்த் ஸ்வராஜ்'ஜும் அம்பேத்கரின் 1936ஆம் ஆண்டு 'சாதி ஒழிப்பு'ம் சின்ன நூல்கள். சுருக்கம் படிக்காமல் நூலையே படியுங்கள்.

அர்த்தசாஸ்திரத்தில் கௌடில்யர் சொல்லும் சப்தாங்கத்தை, அதாவது அரசின் ஏழு உறுப்புகளை, மனப்பாடம் செய்ய முடியாமல் ஒரு தம்பி திணறிக்கொண்டிருந்தான். "அண்ணா, ஏழில் ரெண்டு எப்பவும் மறந்துடுது" என்றான். 381ஆவது குறளைச் சொல்லச் சொன்னேன்: "படைகுடி கூழ்அமைச்சு நட்பரண் ஆறும் உடையான் அரசருள் ஏறு." படை தண்டம், குடி ஜனபதம், கூழ் கோசம், அமைச்சு அமாத்தியர், நட்பு மித்திரர், அரண் துர்க்கம். ஆறையும் உடையவன் சுவாமி. ஏழும் வந்துவிட்டது. விடைத்தாளில் ஒரு வரி ஒப்பீடாகவும் இதை எழுதலாம், ஆனால் ஒரு வரியோடு நிறுத்துங்கள். கேள்வி அர்த்தசாஸ்திரம் பற்றியது.

இந்திய அரசியல்: தகவலிலிருந்து வாதத்துக்கு

தகவல் ஏற்கெனவே தெரியும் என்பதால் இந்தப் பகுதி ஏமாற்றும். ஒரு மாதிரிக் கேள்வி வைத்துக்கொள்வோம்: 'ஒரு கட்சி ஆதிக்க முறை இந்தியாவுக்குத் திரும்பியுள்ளதா? ஆராய்க.'

எல்லோரும் எழுதும் விடை இது: "சுதந்திரத்துக்குப் பின் காங்கிரஸ் நீண்ட காலம் ஆண்டது. 1989க்குப் பின் கூட்டணி ஆட்சிகள் வந்தன. 2014இல் பாஜக 282 இடங்களும் 2019இல் 303 இடங்களும் பெற்றது. 2024இல் 240 ஆகக் குறைந்தது. எனவே ஜனநாயகம் வலுவாக உள்ளது." எல்லாம் சரியான தகவல். கடைசி வரிக்கும் முன் வரிகளுக்கும் உறவே இல்லை.

இதையே இப்படித் தொடங்கலாம்: "ரஜினி கோத்தாரி 1964இல் விளக்கிய 'காங்கிரஸ் முறை' வெறும் இடங்களின் எண்ணிக்கை அன்று. எதிரும் புதிருமான குழுக்களைக் கட்சி தனக்குள்ளேயே வைத்திருந்தது, வெளியே இருந்த எதிர்க்கட்சிகள் அந்தக் குழுக்களின் வழியாக அழுத்தம் கொடுத்தன. எனவே திரும்பியிருப்பது ஆதிக்கமா, அந்த முறையா என்று பிரித்துக் கேட்க வேண்டும்." இரண்டாவது பத்தியில், யோகேந்திர யாதவ் சொன்ன, 1989க்குப் பிந்தைய மூன்றாம் கட்சி முறையும், பின்தங்கியோரும் தலித்துகளும் பெருமளவில் அரசியலுக்குள் வந்த 'இரண்டாவது ஜனநாயக எழுச்சி'யும். மூன்றாவதில், 2014க்குப் பிந்தைய நிலையை சுகாஸ் பல்ஷிகர் 'இரண்டாம் ஆதிக்கக் கட்சி முறை' என்று ஏன் அழைத்தார் என்பது. நான்காவதில், மாநிலங்களில் அந்த ஆதிக்கம் எங்கே நின்றுவிட்டது, 2024 முடிவு எதைக் காட்டியது என்பது. முடிவில் உங்கள் தீர்ப்பு: ஆதிக்கம் வந்தது, ஆனால் கோத்தாரியின் முறை வரவில்லை. அல்லது அதற்கு நேர்மாறாகவும் வாதிடலாம். எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்பதைவிட அதற்கு முன்னால் வந்த மூன்று பத்திகளும் அதைத் தாங்குகின்றனவா என்பதே முக்கியம்.

இந்தப் பகுதிக்கு இருபது முப்பது பெயர் போதும். சாதிக்கு கோத்தாரி, எம்.என். சீனிவாஸ், கிறிஸ்டோஃப் ஜாஃபர்லோ. அரசின் தன்மைக்கு ருடால்ஃப் தம்பதி, பார்த்தா சட்டர்ஜி, சுதீப்த கவிராஜ், பிரணாப் பர்தன். அரசமைப்பு உருவாக்கத்துக்கு ஆஸ்டின். பெயரை மட்டும் தூவாதீர்கள். 'ஜாஃபர்லோ கூறுவதுபோல்' என்று எழுதிவிட்டு யாருக்கும் தெரிந்த ஒன்றை எழுதினால், திருத்துபவர் அடுத்த பெயரையும் நம்ப மாட்டார்.

மத்திய-மாநில உறவு நம் மண்ணில் சூடான விஷயம். 1969இல் ராஜமன்னார் குழுவை அமைத்ததே தமிழ்நாடுதான். அதனாலேயே இதில் நாம் மேடைப் பேச்சில் இறங்கிவிடுவோம். சர்க்காரியா, புஞ்சி ஆணையங்களையும் மாநில ஆட்சிக் கலைப்புக்கு வரம்பு கட்டிய 1994 எஸ்.ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்பையும் அருகருகே வையுங்கள். இந்தத் தலைப்பில் நோட்ஸ் எவ்வளவு வேகமாகப் பழசாகும் என்பதற்கும் நம் மாநிலமே எடுத்துக்காட்டு: மசோதாக்களுக்கு ஒப்புதல் தர ஆளுநருக்குக் காலவரம்பு விதித்து 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. குடியரசுத் தலைவர் கேட்ட கருத்துக்கு அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் காலவரம்பு விதிக்க முடியாது என்றது. ஏப்ரலில் எழுதிய நோட்ஸை அப்படியே வைத்திருந்தவர் டிசம்பரில் தவறான விடை எழுதுவார்.

இரண்டாம் தாள்

ஒப்பீட்டு அரசியல் சின்னப் பகுதி, இக்னோ பாடமே போதும். பன்னாட்டு அரசியலில் அணுகுமுறைகளை முதலில் முடியுங்கள். நாடுகளின் அதிகாரப் போட்டிக்கு மார்கெந்தோ 1948இல் மனித இயல்பில் தேடிய காரணத்தை வால்ட்ஸ் 1979இல் உலக அமைப்பில் தேடினார், மியர்ஷைமர் 2001இல் அதைத் தாக்குமுக நடப்பியலாக்கினார், அதாவது பாதுகாப்புக்காக நாடுகள் அதிகாரத்தைப் பெருக்கிக்கொண்டே போகும் என்றார். இந்த மூவரின் வேறுபாடு தெரிந்தால் பாதுகாப்பு, அதிகாரச் சமநிலை, அச்சுறுத்தித் தடுத்தல் எல்லாம் ஒரே நூலில் கோத்துவிடலாம். பாடத்திட்டத்தில் பெயர் இல்லாவிட்டாலும் நாடுகளின் நலனும் அடையாளமும் சமூகத்தில் உருவாவதே என்னும் கட்டுமானவாதத்தையும் (கன்ஸ்ட்ரக்டிவிசம்) பெண்ணியப் பார்வையையும் ஒரு பக்கம் படித்து வையுங்கள். மறுப்பு எழுத உதவும்.

இந்திய வெளியுறவில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தாள். மேல் பாதியில் மையில், மாறாதவை: நலன், பிணக்கு, ஒப்பந்தங்கள், முக்கிய ஆண்டுகள். கீழ்ப் பாதியில் பென்சிலில், இந்த ஆண்டு நடந்தவை. அணு விவகாரம் என்றால் மேல் பாதியில் 1974, 1998 அணுச் சோதனைகள், 2005 இந்திய-அமெரிக்கக் கூட்டறிக்கை, 2008இல் அணுப்பொருள் வழங்குநர் குழு தந்த விலக்கு. இவை எங்கேயும் போகாது. செய்தித்தாளுக்கு இப்போதுதான் வேலை. அதையும் தலைப்புச் செய்திக்காகப் படிக்க வேண்டாம். வெளியுறவு அமைச்சகத் தளத்தில் வரும் கூட்டறிக்கைகளில் எந்தச் சொல் புதிதாக நுழைந்தது, எது காணாமல் போனது என்று பாருங்கள். சி. ராஜா மோகன், சிவசங்கர் மேனன், ஹேப்பிமோன் ஜேக்கப் ஆகியோரின் கட்டுரைகளில் அவர்கள் ஒருவரோடொருவர் எங்கே வேறுபடுகிறார்கள் என்று கவனியுங்கள்.

இலங்கைத் தாளை எழுதும்போது மட்டும் நமக்குக் கை சற்று நடுங்கும். கச்சத்தீவு, மீனவர், 1987 ஒப்பந்தம், 13ஆவது திருத்தம் ஒவ்வொன்றும் நமக்குச் செய்தி மட்டும் இல்லை. நான் எழுதிய முதல் இலங்கை விடையில் 'துரோகம்' என்ற சொல் இரண்டு முறை வந்திருந்தது. திருத்தியவர் இரண்டையும் வட்டமிட்டிருந்தார். கருத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. அதை ஆய்வுச் சொல்லில் வைக்க வேண்டும்: உள்நாட்டு அரசியலும் மாநிலத்தின் அழுத்தமும் வெளியுறவுக் கொள்கையை எப்படித் திருப்புகின்றன, 2017இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன அம்பாந்தோட்டைத் துறைமுகமும் 2022 நெருக்கடியில் இந்தியா தந்த உதவியும் தில்லியின் கணக்கை எப்படி மாற்றின என்று. மற்ற மாநிலத்தவருக்குக் கிடைக்காத விவரம் நம்மிடம் இருக்கிறது. அதை ஆத்திரத்தில் வீணாக்கக் கூடாது.

தமிழில் எழுதுபவர்களுக்கு

மெயின்ஸைத் தமிழில் எழுதலாம். பொது அறிவைத் தமிழில் எழுதிவிட்டு ஆப்ஷனலை மட்டும் ஆங்கிலத்தில் எழுதவும் விதி இடம் தருகிறது. வினாத்தாள் இந்தி, ஆங்கிலம் இரண்டில்தான் இருக்கும். கேள்வியை ஆங்கிலத்தில் வாங்கித் தமிழில் யோசிப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். கலைச்சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சொல்லைத் தர அனுமதி உண்டு, பயன்படுத்திக்கொள்ளுங்கள். வாக்கியத்தையே கலந்து எழுதக் கூடாது.

முதல் வாரமே ஒரு சொல்லேட்டைத் தொடங்குங்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 11, 12ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் நூல்கள் இதற்கு நல்ல ஊற்று. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். கிராம்சியின் 'ஹெஜிமனி' என்ற கருத்தை 'மேலாண்மை' என்று எழுதினால் கம்பெனி மேனேஜ்மென்ட் மாதிரி ஆகிவிடும். 'மேலாதிக்கம்' சரி, அதிலும் அது சம்மதத்தோடு கூடிய ஆதிக்கம் என்று ஒரு தொடர் சேர்க்க வேண்டும். இன்னொரு குழி: மக்கள் ஓர் ஆட்சியை உரியதென்று ஏற்பதைப் பலர் 'சட்டப்பூர்வத் தன்மை' என்று எழுதுகிறார்கள். சட்டப்படி வந்த ஆட்சி மக்களின் ஏற்பை இழக்கலாம் என்பதுதானே அந்தக் கருத்தின் மையம்? 'ஏற்புடைமை' என்று எழுதுங்கள். ஒரு சொல்லை எடுத்தால் இரண்டு தாளிலும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் சொல்லின் எண்ணிக்கை குறையும், நீளம் கூடும். ஆங்கிலத்தில் 150 சொல்லில் சொல்வதைத் தமிழில் நூறு சொல்லில் சொல்லிவிடலாம், ஆனால் கை அதே அளவு வலிக்கும். 'செய்யப்பட்டிருக்கிறது', 'கருதப்படுகின்றது' போன்ற வால்களை வெட்டினால் பக்கத்துக்கு இரண்டு வரி மிச்சம்.

எழுதிப் பழகுதல்

180 நிமிடம், 250 மதிப்பெண். 10 மதிப்பெண்ணுக்கு 7 நிமிடம், 15க்கு 11, 20க்கு 14. கூட்டினால் 178 வரும். கேள்வித்தாளைப் படித்துத் தேர்ந்தெடுக்க மிஞ்சுவது இரண்டே நிமிடம். ஆகவே பத்து மதிப்பெண் கேள்விகளை ஆறரை நிமிடத்தில் முடிக்கப் பழக வேண்டும். அறையில் போன் டைமர் வைத்து, வரியில்லாத வெள்ளைத்தாளில், பேனாவைக் கீழே வைக்காமல்.

கோட்பாடு ஐந்து வாரம் முடிந்ததுமே எழுதத் தொடங்குங்கள். 'முழுக்கப் படித்துவிட்டு எழுதலாம்' என்பவர்கள் எழுதுவதே இல்லை. நாளுக்கு இரண்டு கேள்வி. டெஸ்ட் சீரிஸ் ஒன்று போதும், அதுவும் எழுதிய தாளை ஒழுங்காகத் திருத்தித் தருகிற இடமாக இருக்க வேண்டும். 'குட்', 'கேன் பி இம்ப்ரூவ்டு' என்று மட்டும் எழுதித் தரும் இடத்தில் பணம் கட்டி நான் ஏமாந்திருக்கிறேன். அதைவிட இரண்டு நண்பர்கள் தாளை மாற்றித் திருத்திக்கொள்வது மேல். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்கும் பகுதியில் உட்கார்ந்தால் அப்படி ஆள் கிடைப்பது சிரமமில்லை.

திருத்தும்போது இந்த மூன்றைப் பாருங்கள். கேள்வியின் வினைச்சொல்லுக்கு விடை இருக்கிறதா? 'ஆராய்க' என்றால் தீர்ப்பு வேண்டும், 'விளக்குக' என்றால் வேண்டாம். மறுப்பு ஒன்றாவது வந்திருக்கிறதா? பெயர்களை அடித்துவிட்டுப் படித்தால் வாதம் நிற்கிறதா? மூன்றாவதில்தான் பெரும்பாலான தாள்கள் விழும். என்னுடையது பல மாதம் விழுந்தது.

தேர்வு நாள்

ஆப்ஷனலின் இரண்டு தாளும் ஒரே நாளில் வரும். 2025இல் காலை 9 முதல் 12 வரை ஒன்று, பிற்பகல் 2.30 முதல் 5.30 வரை இன்னொன்று. நடுவில் இரண்டரை மணி நேரம். வெளியே வந்ததும் முதல் தாளைப் பற்றிப் பேசும் கும்பலிலிருந்து விலகிவிடுங்கள். தயிர் சாதம் மாதிரி ஏதாவது லேசாகச் சாப்பிட்டு, கையை வெந்நீரில் ஐந்து நிமிடம் வைக்க முடிந்தால் நல்லது. பிறகு நாட்டுத் தாள்களின் கீழ்ப் பாதி, பென்சில் வரிகளை மட்டும் பாருங்கள். மையில் எழுதியது ஏற்கெனவே உள்ளே இருக்கும்.

காலையில் எவ்வளவு யோசித்தும் வராத ஒரு பெயர் இந்த நேரத்தில்தான் வரும். எழுதாமல் விட்டோமே என்று மனசு அடித்துக்கொள்ளும். மற்றவர்கள் என்றால் மறந்துவிடலாம். கிராம்சி என்றால் மட்டும் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே போங்கள். அவருடைய கருத்தை உலக அரசியலுக்குக் கொண்டுபோன ராபர்ட் காக்ஸ் வழியாக உலக ஒழுங்கைப் பற்றிய கேள்வியில் பிற்பகலிலும் அவருக்கு இடம் உண்டு.